சதுர அடி 230 ரூபாய்தான் என்றார், எஸ்டிமேட் ஏன் 2.80 லட்சம்?

கேள்வி: கும்பகோணம் பக்கம் கிராமம். மாமனார் 1960களில் கட்டிய சீமை ஓட்டு வீடு, 40க்கு 20. செங்கல் சுவர், மண் சாந்து. போன ஐப்பசி மழையில் மூன்று இடத்தில் ஒழுகிவிட்டது. ஓட்டைப் பிரித்து வேய ஒரு மேஸ்திரி 2.10 லட்சம் கேட்கிறார். ஷீட் போடுபவர் சதுர அடிக்கு 230 ரூபாய் என்றார். 800 சதுர அடிக்கு 1.84 லட்சம்தானே வரும்? எஸ்டிமேட்டில் 2.80 லட்சம் எழுதியிருக்கிறார். பழைய ஓடும் மரமும் அவருக்காம். மகன் கான்கிரீட்டே போட்டுவிடலாம் என்கிறான், அதற்கு 9 லட்சம் சொல்கிறார்கள். எங்களிடம் வங்கி டெபாசிட் 4 லட்சம், 15 பவுன் நகை இருக்கிறது. கணவர் மூன்று ஆண்டில் ஓய்வு பெறுகிறார். பட்டா இன்னும் மாமனார் பெயரில். நாத்தனார் கோவையில் இருக்கிறார். எதைச் செய்வது, பணத்தை எப்படிப் புரட்டுவது?

பதில்: ஷீட்காரர் அளவில் ஏமாற்றவில்லை அம்மா. நீங்கள் தரையைக் கணக்குப் போட்டீர்கள், அவர் கூரையைப் போட்டிருக்கிறார். இறவாரம் நாலு பக்கமும் 2 அடி வெளியே நீண்டால் 40க்கு 20 என்பது 44க்கு 24 ஆகிவிடும். அதுவே 1,056 சதுர அடி. கூரை சரிவாக இருப்பதால் பரப்பு இன்னும் கூடும். 30 டிகிரி சரிவு என்றால் 1.15 மடங்கு. ஆக, சுமார் 1,220 சதுர அடி. 230 ரூபாயால் பெருக்கிப் பாருங்கள், 2.80 லட்சம் வந்துவிடும். உங்கள் வீடு நேர்க்கூரை என்று வைத்துச் சொல்கிறேன். முற்றம் வைத்த வீடாக இருந்தால் நாலு மூலையிலும் இரண்டு சரிவு சேரும் கூடல்வாய், அதற்குத் தகரம், வெட்டு வேலை என்று கூலி இன்னும் ஏறும்.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது வேறு. "பழைய ஓடும் மரமும் எங்களுக்கு" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாரே, அங்கேதான் உங்கள் பணம் போகிறது. அந்தக் காலத்து வீட்டில் உத்திரம் தேக்காக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பழைய தேக்குக்குக் கன அடிக் கணக்கில் நல்ல விலை கிடைக்கும். காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான்களுக்கென்றே கடைகள் இருக்கின்றன. மரக்கடைக்காரர் ஒருவரை அழைத்து வந்து உத்திரத்தையும், சரிவில் ஓட்டைத் தாங்கும் கைமரத்தையும் அளந்து விலை சொல்லச் சொல்லுங்கள். அந்தத் தொகையைக் கழிக்காத எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். ஷீட்டின் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்பதும் எழுத்தில் வர வேண்டும். 0.35க்கும் 0.50க்கும் கீழே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது, விலையில் தெரியும். சித்திரை வெயிலில் ஷீட்டுக்குக் கீழே படுக்க முடியாது என்று பிறகு சீலிங் போடுவீர்கள். அது இந்த 2.80க்குள் இல்லை.

கான்கிரீட் யோசனையை நான் விட்டுவிடச் சொல்வேன். மகன் கோபித்துக்கொள்ள வேண்டாம், எடையைப் பார்க்கட்டும். சீமை ஓடு ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 15 பிடிக்கும். உங்கள் கூரைக்கு 1,700 ஓடு, ஒன்று இரண்டரை கிலோ என்றால் 4 டன் சொச்சம், மரம் தனி. ஐந்து அங்குல கான்கிரீட் 800 சதுர அடிக்குப் போட்டால் 23 டன். அதற்கு மேல் தட்டோடு வேறு. மண் சாந்தில் எழுப்பிய சுவர் இதைத் தாங்கும் என்று பொறியாளர் ஒருவர் எழுதிக் கொடுக்காமல் யாரும் ஏற்றக் கூடாது. தாங்காது என்றால் தூண், அதற்கு அடித்தளம். அப்புறம் நீங்கள் கூரை மாற்றவில்லை, வீடு கட்டுகிறீர்கள். 9 லட்சம் 9 லட்சத்தில் நிற்காது. (சிமெண்ட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. பழைய எஸ்டிமேட்டைத் தேதி மாற்றி நீட்டுகிறார்களா என்றும் பாருங்கள்.)

மிச்சம் இருப்பது ஓட்டைப் பிரித்து வேயும் யோசனை. மேஸ்திரியின் 2.10 லட்சம் கீழே நின்று சொன்ன விலையா, மேலே ஏறிப் பார்த்துச் சொன்னதா? ஓட்டு வீட்டில் செலவைத் தீர்மானிப்பது ஓடு அல்ல, அதற்கு அடியில் இருக்கும் மரம். ஆசாரியை வைத்து நாலைந்து இடத்தில் ஓட்டைக் கழற்றி, கைமரம் சுவரில் உட்காரும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முனை மாவில் இறங்குவதுபோல் இறங்கினால் கரையானோ ஈரமோ தின்றிருக்கிறது. டங்கென்று நின்றால் அந்த மரம் இன்னும் பல வருஷம் நிற்கும். ஒழுகுவது மூன்றே இடம் என்பதால் முகட்டு ஓட்டின் பூச்சு விட்டிருக்கலாம், தேங்காயோ குரங்கோ நாலு ஓட்டை உடைத்திருக்கலாம். அப்படியானால் முழுக் கூரையைப் பிரிக்கவே தேவையில்லை, சில ஆயிரங்களில் வேலை முடிந்துவிடும். எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். இதைப் பார்க்கும்வரை கடனுக்கு எங்கும் அலையாதீர்கள்.

பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் மொத்த விலைக்குப் பேச வேண்டாம். புதுக் கைமரம் அடிக்கு எவ்வளவு, ஓடு உட்காரும் ரீப்பர் சட்டம் அடிக்கு எவ்வளவு, புது ஓடு ஒன்றுக்கு எவ்வளவு, இறக்கி ஏற்றக் கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பாதி ஓட்டை இறக்கிய பிறகு "மரம் போச்சும்மா, இன்னும் எண்பதாயிரம் ஆகும்" என்று வந்து நிற்கும்போது, வானம் பார்த்த வீட்டில் இருந்துகொண்டு உங்களால் பேரம் பேச முடியாது.

சரி, பணம். 2 லட்சத்துக்குள் முடிந்தால் டெபாசிட்டிலிருந்தே எடுங்கள். முதிர்வுக்குச் சில மாதமே இருந்தால் உடைக்காமல் அதன் மேல் கடன் வாங்கலாம். டெபாசிட் வட்டிக்கு மேல் ஒன்றிரண்டு சதவீதம்தான் பிடிப்பார்கள். மீதி 2 லட்சத்தைத் தொடாதீர்கள், ஓய்வுக்கு மூன்று ஆண்டுதான் இருக்கிறது. போதாததற்கு நகைக்கடன் வாங்குங்கள்; தனிநபர் கடன் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2025 விதிப்படி 2.5 லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். கொடுக்கிறார்களே என்று முழுவதையும் வாங்காதீர்கள். ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டும் திட்டத்தைத் தவிர்த்து, மாதத் தவணையாகக் கேளுங்கள்.

வீடு பழுதுபார்ப்புக் கடன் உங்களுக்கு இப்போது சுலபத்தில் கிடைக்காது, பட்டாவே மாமனார் பெயரில் இருக்கிறதே. கிடைத்தாலும் வரிச்சலுகை பெரிதில்லை: குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டு வட்டியில் 30,000 ரூபாய் வரை கழிவு, அதுவும் பழைய வரி முறையில் மட்டும்.

பட்டா விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மாமனார் தன் சம்பாத்தியத்தில் கட்டி, உயில் எழுதாமல் போயிருந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பழுது பார்க்கும் அளவு செலவென்றால் நாத்தனாருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டுச் செய்யலாம். லட்சக்கணக்கில் இறக்குவதாக இருந்தால் முதலில் உட்கார்ந்து பேசுங்கள். அவர் விட்டுக் கொடுப்பதாகச் சொன்னால் விடுதலைப் பத்திரமாகவே பதிவு செய்துகொள்ளுங்கள். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. பங்கு வேண்டும் என்றால் செலவில் அவர் பாதி தருவாரா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

வேலையைத் தை பிறந்ததும் தொடங்குங்கள், புரட்டாசி வரை இழுக்க வேண்டாம். அட்வான்ஸ் கால் பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். கடைசிப் பத்து சதவீதத்தை, கோடை மழை ஒன்று பெய்து கூரை ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு தருவதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.