தேசிக்காயும் அம்பும் நிலாவரையும்

கேள்வி: என் மகன் எட்டாம் ஆண்டு. பாடசாலைப் பொது அறிவுப் போட்டிக்கு ஆயத்தம் செய்கிறான். யாழ்ப்பாணம் புத்தூரில் இருக்கிற நிலாவரைக் கிணறு எப்படி உண்டானது என்று கேட்டால், வானரப் படையின் தாகம் தீர்க்க இராமர் அம்பெய்தது என்று அம்மம்மா சொல்கிறா. ரியூஷன் மாஸ்ரர் அது வெறும் சுண்ணாம்புக்கல் பள்ளம் என்கிறார். கிணற்றுக்கு அடியே இல்லை, அதில் போட்ட தேசிக்காய் (எலுமிச்சங்காய்) கடற்கரையோரக் கீரிமலைக் கேணியில் வந்து மிதந்தது என்று அயலவர்கள் சொல்கிறார்கள். எது சரி? பிள்ளை எழுதுவதற்கு ஒரு வரியில் பதில் தாருங்கள். (ஒரு தாய், உரும்பிராய்)

பதில்: ஒரு வரி இதோ. மழைநீரில் சுண்ணாம்புக்கல் கரைந்து, நிலத்தடியில் குகை உண்டாகி, அதன் கூரை இடிந்து விழுந்ததால் வந்தது நிலாவரை. இதை எழுதினால் பிள்ளைக்குப் புள்ளி கிடைக்கும். ஆனால் உங்கள் கடிதத்துக்குள் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பிரிக்காமல் விட்டால் அவன் புள்ளியோடு வீட்டுக்கு வருவான், அறிவோடு வரமாட்டான்.

முதலில் அம்பு. அம்மம்மா இதை இட்டுக்கட்டவில்லை. நீருக்காக அம்பெய்யும் கதை மிகப் பழையது. வான்மீகியின் யுத்த காண்டத்தில், வழிவிடாத கடலின்மேல் இராமன் அம்பைத் தொடுக்கிறான். கடலரசன் வந்து பணிகிறான். தொடுத்த அம்பு வீணாகக் கூடாது என்பதால் வடக்கே துருமகுல்யம் என்ற இடத்தை நோக்கி அதை விடுகிறான். அம்பு பிளந்த வாயிலிருந்து பாதாளத்து நீர் பீறிட்டு எழுந்தது. அந்தக் கிணற்றுக்கு விரணம், அதாவது புண், என்று பெயர் வந்தது. பாரதத்தில் அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மர் தாகம் என்றதும் அருச்சுனன் நிலத்தில் எய்து நீர் வரவழைக்கிறான். விவிலியத்தில் மோசே கோலால் பாறையை அடிக்கிறார்.

வான்மீகி சொல்லும் கிணறு வடக்கே, பாலை நிலத்தில். புத்தூரைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கதை நெடுந்தூரம் நடந்து வந்து எங்கள் கிணற்றடியில் இளைப்பாறியிருக்கிறது. ஏன் இங்கே வந்தது என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறும் மாரிக்குத்தான் ஆறு. அப்படியான நாட்டில் எந்தக் கோடையிலும் வற்றாமல் ஒரு நீர்நிலை கண்முன்னே கிடந்தால், அதற்கு ஒரு காரணம் சொல்லாமல் மனிதரால் இருக்க முடியாது. நல்லூர் யமுனா ஏரியில் யமுனை நீரைக் கொண்டுவந்து ஊற்றியதாகச் சொல்வதும் அப்படித்தான். கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடியதால் இளவரசி மாருதப்புரவீகவல்லியின் குதிரை முகம் நீங்கியது, அதனால் அயலூருக்கு மாவிட்டபுரம் (மா என்றால் குதிரை) என்று பெயர் வந்தது என்பதும் அப்படித்தான். எல்லாம் தண்ணீர்க் கதைகள். அந்தக் கதைகளைப் பொய் என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். இந்த மண்ணில் தண்ணீர் எவ்வளவு அருமை என்று எங்கள் ஆட்கள் உணர்ந்ததன் பதிவு அவை. பாறை எப்படிக் குழிந்தது என்ற விபரத்தை அவற்றிடம் கேட்பதுதான் பிழை.

எதை எதனிடம் கேட்பது என்பதற்கு எங்கள் சைவ சித்தாந்தத்திலேயே ஒழுங்கு இருக்கிறது. அருணந்தி சிவாசாரியார் தன் சிவஞான சித்தியார் என்ற நூலை அளவையில், அதாவது ஒன்றை எதைக் கொண்டு அறிவது என்பதில், இருந்துதான் தொடங்குகிறார். பிறர் பத்து வரை எண்ணும் அளவைகளை எடுத்து, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். கண்ணால் காண்பது, புகையைக் கண்டு நெருப்பை அறிவதுபோல் கருதி அறிவது, நம்பத் தகுந்தவரின் சொல். மூன்றாவதற்கு உரிய இடம் முதல் இரண்டும் எட்டாத இடம். கண்ணும் கருத்தும் எட்டுகிற இடத்தில் உரையைக் கொண்டுவந்து நிறுத்தச் சித்தாந்தி சொல்லவில்லை. ஒன்றை வேறொன்றாகக் காணும் திரிபையும், இதுவோ அதுவோ என்று தடுமாறும் ஐயத்தையும் அறிவென்று அவர் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. விஞ்ஞானமா சமயமா என்று பிள்ளையைக் கிழித்துப் பிரிப்பவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறையாவது வாசிக்க வேண்டும்.

மாஸ்ரர் சொன்னது சரி. ‘வெறும்’ என்று சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் காலடிப் பாறை மயோசீன் காலத்தது. இன்றைக்கு 230 இலட்சம் ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலம். அப்போது இது ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல். சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களும் செத்துச் செத்துப் படிந்து இறுகிய படுகையின் மேல்தான் கோயிலும் தேவாலயமும் வெங்காயத் தோட்டமும் நிற்கின்றன. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக இறங்கி, பாறை வெடிப்புகளைத் தின்று தின்று அகலமாக்குகிறது. அதில் எங்கே கூரை தாங்கவில்லையோ அங்கே இடிந்து விழுகிறது. ‘வெறும் பள்ளம்’ என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பவர், அம்பைத் தூக்கி எறிந்துவிட்டு அதைவிட அதிசயமான ஒன்றையும் சேர்த்து எறிந்துவிட்டார்.

இனித் தேசிக்காய். இந்தக் கதையைச் சொன்னவரிடம் நான்கு விபரம் கேளுங்கள். போட்டவர் யார்? அது தன்னுடைய தேசிக்காய்தான் என்று அறிய என்ன அடையாளம் வைத்தார்? கீரிமலையில் நின்று பார்த்தவர் யார்? எத்தனை மணித்தியாலம் நின்றார்? ஆடி அமாவாசைக்கு ஊரே கூடிப் பிதிர்க்கடன் கழிக்கும் இடம் கீரிமலை. அர்ச்சனைத் தட்டும் தேசிக்காயும் போய்ச் சேராத நாளா அங்கே இருக்கிறது? அந்தக் கேணியில் ஒரு தேசிக்காய் மிதந்தால் அது எதற்கும் சாட்சியாகாது.

இதே கதையைக் கிரேக்கர்களும் சொன்னார்கள் என்பதை உங்கள் மகன் அறிய வேண்டும். அல்பேயுஸ் என்ற ஆற்றுத் தேவன் அரெதூசா என்ற நீர்க்கன்னியைத் துரத்தினான். அவள் தப்பியோடி, சிசிலித் தீவின் சிராக்கூசில் கடலோரத்து ஊற்றாக எழுந்தாள். அவன் கடலுக்கு அடியால் ஓடிவந்து அவளோடு கலந்தான். கதைக்குச் சாட்சியாக, கிரேக்கத்தில் ஒலிம்பியாவில் ஆற்றில் போட்ட கிண்ணம் சிசிலி ஊற்றில் வந்தது என்றார்கள். கடல் விளிம்பிலே நன்னீர் ஊற்று, அதற்குத் தொலைவில் இன்னொரு நீர், இடையிலே ஒரு பொருளின் பயணம். நிலாவரையும் கீரிமலையும் தேசிக்காயும்தான். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஸ்திராபோ என்ற புவியியலாளர் இதை அப்படியே விழுங்கவில்லை. அந்த ஆறு எல்லோரும் பார்க்கக் கடலில் போய் விழுகிறது, அதை விழுங்கும் சுழி ஒன்றும் அங்கே இல்லை, அப்படியிருக்கக் கடலுக்கு அடியால் நன்னீர் நன்னீராகவே எப்படிப் போகும் என்று கேட்டார். அவர் செய்தது கருதல் அளவை.

அதற்காக நிலத்தடி வழிகளே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1901 ஆகஸ்டில் பிரான்சின் பொந்தார்லியே நகரில் ஒரு மதுவடிசாலையில் இடி விழுந்து தீப்பற்றியது. பீப்பாய்கள் வெடிக்காமல் இருக்க அப்சிந்த் மதுவை டூ என்ற ஆற்றில் திறந்து விட்டார்கள். இரண்டு நாள் கழித்து வேறோர் இடத்தில், லூ என்ற ஆறு பாறையிலிருந்து பிறக்கும் ஊற்றில், அந்த மதுவின் வாசம் எழுந்தது. அதுவும் சுண்ணாம்புக்கல் நாடு. யாரும் திட்டமிடாத அந்த விபத்தைச் சும்மா விடாமல், பிறகு சாயத்தை ஆற்றில் கலந்து, ஊற்றில் வருகிறதா என்று பார்த்து உறுதி செய்தார்கள். இன்றும் நிலத்தடி நீரின் வழியை அறியச் சாயம் விட்டுப் பார்க்கிறார்கள். எவ்வளவு விட்டோம், எப்போது விட்டோம், எங்கே எப்போது வெளிவந்தது என்று எழுதி வைக்கிறார்கள். தேசிக்காய்க் கதையில் இந்த எழுத்துத்தான் இல்லை.

கடைசியாக, அடியில்லை என்ற பேச்சு. அம்பையும் தேசிக்காயையும் பற்றிப் பொறுமையாக எழுதினேன். இதற்கு எனக்குப் பொறுமை இல்லை, ஏனென்றால் இந்தப் பேச்சு எங்கள் தண்ணீரைக் கெடுக்கிறது. நிலாவரைக்கு அடி உண்டு. அளந்தவர்களுக்கு 150 அடியை ஒட்டிய ஆழத்தில் தரை தட்டியிருக்கிறது. குடியேற்றச் செயலாளராக இங்கே இருந்த எமர்சன் டெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலிலேயே இந்தப் புத்தூர்க் கிணறு வருகிறது. மேலே நன்னீர், கீழே போகப் போக உப்பு என்று அவர் எழுதிவிட்டார். அந்த உப்புத்தான் நாங்கள் பார்க்க வேண்டியது.

கணக்கு எளிது, பிள்ளையையே செய்ய விடுங்கள். 1000 லீற்றர் நன்னீரின் நிறை 1000 கிலோ. அதே அளவு கடல்நீர் ஏறத்தாழ 1025 கிலோ. பாரமான கடல்நீர் எல்லாப் பக்கத்தாலும் பாறைக்குள் புகுந்து கிடக்க, மழை தந்த நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. 1000ஐ 25ஆல் பிரியுங்கள்: 40. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி நன்னீர் நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபனும் பின்னர் ஜேர்மானியரான ஹெர்ஸ்பேர்க்கும் கடலோர மணற்பரப்புகளில் கண்டறிந்த உறவு இது. இதைத் திருப்பிப் பாருங்கள். மெசின் வைத்து இறைத்து மேலே 1 அடியைக் குறைத்தால், நாள்பட நாள்படக் கீழே உப்பு 40 அடி மேலே ஏறும். கிணறு வற்றாது. வாளியில் தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும், அது சவராக வரும். அப்போதும் கரையில் நின்று ‘பார், வற்றவே இல்லை’ என்று சொல்வார்கள். தோட்டங்களில் கொட்டும் யூரியாவும் மலசலகூடக் குழிகளும் அதே வெடிப்புகள் வழியேதான் இறங்குகின்றன. அவற்றால் நீரில் சேருவது நைத்திரேற்று. குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். எங்கள் பகுதியான வலிகாமத்தில் அதைத் தாண்டிய கிணறுகள் இருக்கின்றன.

என்னுடைய அப்பாச்சி பங்குனி கடந்தால் ஒவ்வொரு விடியலிலும் துலாவைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பா. தண்ணீருக்கு மேலே தெரியும் கல்வரியை விரலை மடக்கி எண்ணுவா. ஐந்து வரி தெரிந்தால் கத்தரிக்கு இறைப்பு ஒன்றுவிட்டு ஒருநாள். ஏழு தெரிந்தால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். கத்தரி வாடினாலும் மனம் இளக மாட்டா. இராமர் அம்பெய்த கதையை எனக்குச் சொன்னவவும் அவதான். ஒரே தலைக்குள் அம்பும் இருந்தது, கல்வரிக் கணக்கும் இருந்தது. எங்கள் கிணற்றுக்கு அடியில்லை என்று அவ ஒருநாளும் சொன்னதில்லை.

மகன் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாக ஒரு படை பிடித்திருக்கும். நீர் கரைத்துக்கொண்டு வந்த பாறைதான் அது. கொதிக்கும்போது காபனீரொட்சைட்டு பறந்துவிட, கரைந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகப் படிந்துவிடுகிறது. அதன்மேல் அரைத் தேசிக்காயைப் பிழிந்து விடச் சொல்லுங்கள். குமிழி குமிழியாக நுரைக்கும், படை கரையும். மழையின் அமிலம் தேசிப்புளியைவிட எத்தனையோ மடங்கு மெல்லியது. ஆனால் அதற்கு அவசரம் இல்லை, இலட்சக்கணக்கான ஆண்டுகள் கையில் இருந்தன. நிலாவரை உண்டான விதத்தை அவன் குசினியிலேயே கண்ணால் காண்பான்.

அடுத்த சனிக்கிழமை அவனைப் புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மம்மாவும் வரட்டும். கரையில் நின்று அவ தன் கதையைச் சொல்லட்டும், அவன் தன் கணக்கைச் சொல்லட்டும். கிணற்றுக்குள் மட்டும் ஒன்றையும் போட வேண்டாம்.