ஜெபித்தால் ஆட்சி மாறுமா?

கேள்வி: தேர்தல், கலவரம், போராட்டம் என்று நாட்டில் எது வந்தாலும் எங்கள் சபையில் உடனே உபவாச ஜெபம் அறிவிக்கிறார்கள். அநியாயத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஊர் பற்றி எரியும்போது கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் நிற்பது கோழைத்தனம் இல்லையா? ஜெபத்தால் எந்த ஆட்சியாவது மாறியிருக்கிறதா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதை ஜெபத்தின் மேல் காட்டுகிறீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் சபையில் என்ன ஜெபிக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

1938 செப்டம்பரில் ஜெர்மனியில் நடந்ததைச் சொல்கிறேன். செக்கோஸ்லோவாக்கியாவின் சுடேட்டன் பகுதியைக் கேட்டு ஹிட்லர் மிரட்டிக்கொண்டிருந்த நேரம். எந்த நிமிடமும் போர் வெடிக்கலாம். தங்கள் திருச்சபையை நாஜிகளிடம் ஒப்படைக்க மறுத்த புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் 'அறிக்கைச் சபை' என்ற பெயரில் இயங்கினார்கள். அதன் தலைமை ஒரு ஜெப ஒழுங்கை எழுதி அனுப்பியது. ஆண்டவரே, எங்கள் பாவத்தையும் எங்கள் ஜனத்தின் பாவத்தையும் அறிக்கையிடுகிறோம், போரை விலக்கும் என்பதுதான் அதன் சாரம். சுடேட்டனை ஹிட்லருக்கே விட்டுக்கொடுத்த மியூனிக் ஒப்பந்தம் வந்து போர் தள்ளிப்போனதால் அந்த ஆராதனை நடக்கவே இல்லை. ஆனாலும் ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் பத்திரிகை அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு, இது தேசத்துரோகம் என்று எழுதியது. அந்த ஜெப ஒழுங்கை எழுதியவர்களின் சம்பளம் நிறுத்தப்பட்டது. பெரிய பெரிய பிஷப்புகள், எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

யாரும் கல்லெறியவில்லை, ஊர்வலம் போகவில்லை. "எங்கள் ஜனம் பாவம் செய்திருக்கிறது" என்று கடவுளிடம் சொல்ல நினைத்தார்கள், அவ்வளவுதான். அந்தச் சர்வாதிகாரத்துக்கு அதுவே பொறுக்கவில்லை. தலைவரை ஆசீர்வதியும், தேசத்தை உயர்த்தும் என்று ஜெபித்தவர்களும் அதே ஜெர்மனியில் ஏராளம். அவர்கள் ஒருவரையும் அந்தப் பத்திரிகை துரோகி என்று சொல்லவில்லை.

இதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில வாரங்களில், நவம்பர் 9ஆம் தேதி இரவு, நாடெங்கும் யூதர்களின் ஜெப ஆலயங்கள் கொளுத்தப்பட்டன. பெரும்பாலான திருச்சபைகள் வாயைத் திறக்கவில்லை. அறிக்கைச் சபையும் ஓர் அமைப்பாக எழுந்து நின்று கண்டிக்கவில்லை. உங்கள் கேள்வியின் சூடு அங்கேதான் பட வேண்டும். அறிக்கைச் சபையின் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1944இல் சிறையிலிருந்து எழுதியபோது, இனி நாம் கிறிஸ்தவர்களாக இருப்பது இரண்டே விஷயங்களில்தான் என்றார்: ஜெபிப்பது, மனிதர்கள் நடுவே நீதி செய்வது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம் என்று அவர் எழுதவில்லை. உங்கள் சபை ஒன்றை விடுகிறது, நீங்கள் மற்றதை விடச் சொல்கிறீர்கள்.

சரி, ஆட்சி மாறியிருக்கிறதா என்று கேட்டீர்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில், புனித நிக்கோலாஸ் ஆலயத்தில், 1982 முதல் திங்கள்தோறும் மாலை 5 மணிக்குச் சமாதான ஜெபம் நடந்தது. பல வாரம் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கேட்டுக் காத்திருந்தவர்கள், ராணுவச் சேவையை மறுத்த இளைஞர்கள், கடவுளே இல்லை என்றவர்கள் எல்லாரும் வந்தார்கள். 'அனைவருக்கும் திறந்திருக்கிறது' என்று வெளியே பலகை. 1988இல் சபைத் தலைமையே, அந்த ஜெபத்தை நடத்திவந்த இளைஞர் குழுக்களிடமிருந்து பொறுப்பைப் பறித்தது. அவர்கள் வெளி முற்றத்தில் நின்று பேசினார்கள், அடுத்த வருடம் திரும்ப உள்ளே வந்தார்கள். சபைக்குள்ளேயே இப்படி இழுபறி இருந்தது என்பதை உங்களுக்காகத்தான் சொல்கிறேன்.

1989 அக்டோபர் 9ஆம் தேதி திங்கட்கிழமை. அந்த ஜூனில்தான் பெய்ஜிங்கில் மாணவர்களைச் சுட்டிருந்தார்கள். தேவைப்பட்டால் ஆயுதம் ஏந்தியும் சோஷலிசத்தைக் காப்போம் என்று லைப்சிக் பத்திரிகையிலேயே ஒரு தொழிலாளர் படைத் தளபதியின் கடிதம் வந்திருந்தது. மற்றவர்களுக்கு இடம் இல்லாமல் செய்ய, ஆளும் கட்சி தன் ஆட்கள் சில நூறு பேரை மதியமே ஆலயத்துக்குள் உட்கார வைத்தது. அவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். போதகர் கிறிஸ்டியான் ஃப்யூரர் அதற்காக அவர்களை வெளியே அனுப்பவில்லை. ஜெபம் முடிந்து கதவு திறந்தபோது வெளியே கடல்போலக் கூட்டம். அன்று நகரச் சாலையில் நடந்தவர்கள் சுமார் 70,000 பேர். 'வன்முறை வேண்டாம்' என்று முழங்கிக்கொண்டே போனார்கள். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. அந்த மாதம் 18ஆம் தேதி கிழக்கு ஜெர்மனித் தலைவர் ஹோனக்கர் பதவி இழந்தார், நவம்பர் 9ஆம் தேதி பெர்லின் சுவர் திறந்தது.

ஜெபம்தான் சுவரைத் தள்ளியது என்று நான் எழுத மாட்டேன். கஜானா காலியாகியிருந்தது, ஹங்கேரி எல்லையைத் திறந்துவிட்டது, சோவியத் தலைவர் கோர்பச்சேவ் படை அனுப்பத் தயாராக இல்லை. ஆனால் அந்த 70,000 பேர் கையில் ஏன் கல் இல்லை? மெழுகுவர்த்தி ஏந்துகிறவனுக்கு இரண்டு கையும் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று காற்றை மறைக்க, அப்புறம் கல்லை எங்கே எடுப்பது என்றார் ஃப்யூரர். அதற்கு ஏழு வருடப் பழக்கம் தேவைப்பட்டது. எதிரியை நேசியுங்கள் என்ற வசனத்தை அந்த எதிரி பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதும் வாசிக்கப் பழகியிருந்தார்கள். முழங்காலில் நின்றவர்கள்தான் பிறகு தெருவிலும் நடந்தார்கள், ஐயா. அவர்களைக் கோழை என்று உங்களால் சொல்ல முடியுமா?

உங்கள் போதகர் ராஜாக்களுக்காகவும் அதிகாரிகளுக்காகவும் ஜெபியுங்கள் என்று பவுலைக் காட்டுவார். காட்டட்டும். "நியாயம் தண்ணீரைப்போலவும்" புரண்டு வரட்டும் என்ற ஆமோஸ் தீர்க்கதரிசியையும் அவர் வாசிக்க வேண்டும் என்று கேளுங்கள். ஆமோஸில் கர்த்தர் முதலில் நிறுத்தச் சொல்வதே ஆராதனைப் பாடல்களின் இரைச்சலைத்தான்.

அடுத்த உபவாச ஜெபத்துக்கு நீங்களும் போங்கள். 'தேசத்தின் சமாதானத்துக்காக' என்று பொதுவாகச் சொல்லி முடிக்க விடாதீர்கள். உங்கள் ஊரில் வீடிழந்தவர், பொய் வழக்கில் உள்ளே இருப்பவர், சாதியால் அடிபட்டவர் பெயரைச் சொல்லி விண்ணப்பம் வையுங்கள். நம் சபை இதில் செய்த தவறையும் அறிக்கையிடச் சொல்லுங்கள். ஜெபம் முடிந்ததும் அந்த வீட்டுக்கு யார் யார் போவது என்று அங்கேயே கேளுங்கள். எத்தனை பேர் எழுந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.