நாமினி இடத்தில் யார் பெயர்?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 25. ஊர் முக்கூடல் பக்கம். அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றுகிறாள். நான் சென்னையில் டெலிவரி வேலை பார்க்கிறேன். அதோடு, பணம் கொடுத்து மாத்திரை சாப்பிடச் சொல்லி ரத்தம் எடுக்கும் மருந்து ட்ரையலுக்கும் போகிறேன். இது மூன்றாவது ட்ரையல். முதல் சுற்றில் உள்ளே தங்கி மருந்து சாப்பிட்டுவிட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். வருகிற வியாழக்கிழமை இரண்டாம் சுற்று. அது முடிந்தால்தான் முழுப் பணமும் வரும். இதற்குள் கடைவாய்ப் பல் வலி தாங்கவில்லை. அம்மா மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கி வந்தாள், நான்கு நாள் போட்டேன். வெளி மாத்திரை எதுவும் போடக்கூடாது என்று முன்னமே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயம். 'ஒரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும், வாயைத் திறக்காதே' என்கிறான் ரூம்மேட். என்னை முதலில் அங்கே கூட்டிப்போனதே அவன்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது என்பதால் ஃபாரத்தில் நாமினியும் அவன்தான். பணம், தங்கச்சி கல்யாணத்துக்கு அம்மா எடுத்த குழுக் கடனுக்குப் போகிறது. சொல்லவா, வேண்டாமா? பெயர் போட வேண்டாம்.

பதில்: தம்பி, சொல்ல வேண்டும். வியாழக்கிழமை வரைக்கும் வைத்திராமல் இன்றைக்கே போன் போட்டுச் சொல்ல வேண்டும். நீ கேட்டதற்கு இவ்வளவுதான் பதில். தலைவலி மாத்திரை, சளி மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கு ஒரு மூடி சிரப் என்று இதே கேள்வி பல ஊரிலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. 'ஒன்றும் ஆகாது, பயப்படாதே' என்று எழுதுவேன் என எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். எழுத மாட்டேன்.

மாத்திரையைப் பற்றிப் பிறகு பேசுவோம். போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, 'ஃபாரத்தில் நாமினியும் அவன்தான்' என்று, அதற்கு முதலில் வா.

அந்தக் கட்டம் எதற்கு என்று யாராவது உனக்குப் படித்துக் காட்டினார்களா? 2019-இல் வந்த புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, ஒப்புதல் படிவத்தில் உன் முகவரி, படிப்பு, தொழில், ஆண்டு வருமானம் எல்லாம் கேட்பார்கள். அதோடு நாமினியின் பெயர், முகவரி, உனக்கு என்ன உறவு என்பதும் வரும். பரிசோதனையால் நீ செத்துப்போனால் நஷ்டஈடு யார் கைக்குப் போக வேண்டும் என்பதற்காக. அதைப் படித்துவிட்டு எழுதினாயா, படிக்காமலே பேனாவை ஓட்டினாயா? உறவு என்ற இடத்தில் என்ன போட்டாய்? அண்ணன் என்று போட்டிருந்தால் அது பொய். நண்பன் என்று போட்டிருந்தால், 'ஏம்ப்பா, வீட்டில் பெரியவங்க யாரும் இல்லையா?' என்று ஒரு வார்த்தை கேட்காமல் அதை வாங்கி வைத்தவர் மேலும் எனக்குக் கோபம் வருகிறது.

உன் அம்மா பீடி சுற்றுகிறாள் என்கிறாய். கம்பெனிக் கணக்கில் பெயர் இருந்தால் அவளுக்கு பி.எஃப். இருக்கும். அந்தப் படிவத்தில் நாமினி யார் என்று இன்றைக்குக் கேட்டுப் பார். குடும்பம் உள்ளவர்கள் குடும்பத்து ஆட்களைத்தான் அதில் எழுத முடியும், அதனால் உன் பெயரோ உன் தங்கச்சி பெயரோதான் இருக்கும். தட்டை மடியில் வைத்து, குனிந்த தலை நிமிராமல் ஆயிரம் பீடி சுற்றி, கடையில் கழித்தது போக மிச்சத்துக்குக் கூலி வாங்குகிறவள், தனக்குப் பிறகு அந்தக் காசு பிள்ளைக்குப் போகட்டும் என்று கைநாட்டோ கையெழுத்தோ வைத்திருக்கிறாள். நீ உன் உயிருக்கு ஈடான பணத்தைச் சென்னையில் பக்கத்துப் பாயில் படுக்கிறவன் பேருக்கு எழுதியிருக்கிறாய். உன்னை அங்கே கூட்டிப்போனதற்கு அவனுக்குக் கமிஷன் ஏதும் உண்டா என்று கேட்டாயா?

சரி, இப்போது மாத்திரை. செட் மாத்திரை எப்படி வரும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அட்டையைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, பெயர் பாதி தேதி பாதி போய், சின்னக் காகிதக் கவரில் மூன்று நான்கு நிறத்தில் போட்டுக் கொடுப்பார்கள். பல்வலி என்றால் டைக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த ஒன்று, வயிற்றைப் பார்த்துக்கொள்ள பாண்டப்ரசோல் ஒன்று என்று இருக்கும். சில கடைகளில் ஒரு ஆன்டிபயாடிக், ஏன், ஸ்டீராய்டு கூட உள்ளே போகும். நான்கு நாள் விழுங்கியிருக்கிறாய், கடிதத்தில் ஒரு மாத்திரையின் பெயரைக்கூட எழுதவில்லை. உனக்கே தெரியாததை ஒரு நாளில் போய்விடும் என்று உன் ரூம்மேட் எந்தக் கணக்கில் சொன்னான்?

அவன் சொன்னதில் பாதி உண்மை. பாராசிட்டமால் இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும், ஒரு நாளில் ஏறக்குறைய போய்விடும். ஆனால் மாத்திரை போனாலும் அது செய்த வேலை தங்கும். ஆஸ்பிரின் ரத்தத்திலிருந்து சீக்கிரமே மறைந்துவிடும், அது முடக்கிய தட்டணுக்கள், அதாவது ரத்தத்தை உறைய வைக்கிற அணுக்கள், சரியாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பாண்டப்ரசோலும் அப்படித்தான்; அது போன பிறகும் வயிற்றில் அமிலம் குறைவாகவே இருக்கும், அமிலம் இருந்தால்தான் கரைகிற மருந்து சரியாக உடம்பில் ஏறாது. பாராசிட்டமாலை நாளைக்கு 4 கிராம் என்ற உச்ச அளவில் நாள் கணக்கில் சாப்பிட்டால், நோய் நொடி இல்லாதவர்களுக்கே கல்லீரல் என்சைம் ஏறுவது உண்டு; கல்லீரல் அடி வாங்குகிறதோ என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். வியாழக்கிழமை ரத்தம் எடுத்து அந்த எண் ஏறியிருந்தால் டாக்டர் எதைச் சந்தேகிப்பார்? முதல் சுற்றில் கொடுத்த மருந்தைத்தான். ஒரு பாவமும் அறியாத மருந்தின் மேல் பழி விழும், நீ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

அப்புறம், கஷாயம் மட்டும் என்றால் பரவாயில்லையா என்று அடுத்த கடிதம் வரும். வேண்டாம். ஆச்சி வைத்துக் கொடுக்கிற சுக்கு, மிளகு, திப்பிலியையும் சொல்லத்தான் வேண்டும். மிளகிலும் திப்பிலியிலும் இருக்கிற பைப்பரின் சில மருந்துகள் ரத்தத்தில் ஏறும் அளவைக் கூட்டிவிடும்.

நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் உன்னுடையது பயோ ஈக்விவலென்ஸ் சோதனை போலத் தெரிகிறது. ஒரு சுற்றில் முதலில் மருந்தைக் கொண்டுவந்த கம்பெனியின் மாத்திரை, இன்னொரு சுற்றில் அதையே வேறு கம்பெனி செய்தது. இரண்டும் ரத்தத்தில் ஒரே மாதிரி ஏறுகிறதா என்று உன்னை உன்னோடேயே ஒப்பிடுவார்கள். அந்தக் கணக்கு 80-க்கும் 125 சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். பல சோதனைகளில் மொத்தமே இருபது முப்பது பேர்தான், அதில் ஒருவன் ஒரு சுற்றுக்கு மட்டும் வேறு மாத்திரையோடு போய் நின்றால் கணக்கு என்ன ஆகும்? அப்படித் தேறி வந்த மாத்திரையை நாளைக்கு பிபிக்கு உன் அம்மாவே வாங்கிப் போடலாம். ட்ரையலுக்குப் போவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. யாராவது போனால்தான் மருந்து வரும். போகிறவன் வாய்மையோடு போக வேண்டும்.

1984-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் இப்படிப் பணத்துக்காகச் சோதனைக்குப் போன ஒருவர், இதயத் துடிப்புக்கான புது மருந்தை ஏற்றியதும் இறந்துபோனார். முந்தின நாள்தான் மனநலச் சிகிச்சைக்காக வேறு ஓர் ஊசி போட்டிருந்தார், சோதனை நடத்தியவர்களுக்கு அது தெரியாது. அந்தச் சாவுக்குப் பிறகுதான், 1987-இல், அந்த நாட்டில் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது. அவர் போட்டது ஊசி, நீ போட்டது வெறும் பல்வலி மாத்திரை என்று சொல்லாதே. கவருக்குள் என்ன இருந்தது என்று உனக்கே தெரியாது.

அதைவிட என் தூக்கத்தைக் கெடுப்பது வேறு. நீ இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இல்லை, வீட்டில் இருக்கிறாய். இன்றைக்கு ராத்திரி உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டினால், ஆட்டோ பிடித்து உன்னை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடப்போவது உன் அம்மா. டூட்டி டாக்டர், 'என்னம்மா மாத்திரை கொடுத்தீங்க?' என்பார். 'பல்லு வலின்னான், மெடிக்கல்ல செட்டு வாங்கிக் கொடுத்தேன்' என்பாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போன வாரமோ அதற்கு முந்தின வாரமோ சென்னையில் நீ விழுங்கியது என்ன என்று டாக்டருக்குச் சொல்ல ஆள் கிடையாது. தெரிந்த ஒரே ஆளான நாமினி எங்கேயோ பார்சல் கொடுக்கப் போயிருப்பான். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால், தான் கடைக்குப் போய் வாங்கி வந்த மாத்திரைதான் மகனைக் கொன்றது என்று அவள் சாகும் வரை நினைத்துக்கொண்டிருப்பாள். யோசித்தாயா இதை?

தங்கச்சிக்காகத்தானே செய்கிறேன் என்பாய். குழுக் கடன் உன் அம்மா பெயரில் இருக்கிறது. தவணை தவறினால் கூட இருக்கிற பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஆகக் கடன் ஊருக்கே தெரியும், அது எப்படி அடைகிறது என்பது மட்டும் பெற்றவளுக்குத் தெரியாது. வீட்டைக் கேட்காமல் வீட்டுக்காக உடம்பைக் கொடுக்கிற பையனை மெச்சுகிற பழக்கம் எனக்கு இல்லை. தெரிந்தால் உன் அம்மா போகவிட மாட்டாள் என்பதுதானே பயம்? போகவிடாமல் தடுக்க அவளுக்கு உரிமை இருக்கிறது. தங்கச்சிக்கும் தெரிய வேண்டும். கல்யாணம் அவளுடையது, தவணையில் ஒரு பங்கு அவளும் அவள் வீட்டுக்காரரும் கட்டினால் ஒன்றும் குறைந்துபோக மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ரத்தம் கொடுத்து வட்டி கட்டுகிற வீடு என்று எந்த வீடும் இருக்கக்கூடாது என்பது என் கட்சி. ஒரு ட்ரையலுக்கும் அடுத்த ட்ரையலுக்கும் நடுவில் நீ அந்த மூன்று மாத இடைவெளியாவது விட்டாயா என்பதும் கடிதத்தில் இல்லை.

பணம் போய்விடுமே என்கிறாய். நீ சொன்னால் உடனே கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார்கள் என்று யார் சொன்னது? என்ன மாத்திரை, எத்தனை, எந்தெந்த நாள் என்று எழுதிக்கொண்டு, தொடரலாமா கூடாதா என்று அங்கே உள்ள டாக்டர் முடிவு செய்வார். நிறுத்தினாலும், இருந்த அளவுக்குப் பணம் தர வேண்டும் என்பது ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல். உன் ஒப்புதல் படிவத்தில் பணம் பற்றிய பத்தியை எடுத்துப் படி. படிவத்தின் நகல் கையில் இல்லையென்றால் கேட்டு வாங்கு, அது உன் உரிமை. சோதனையால் உடம்புக்கு ஏதாவது வந்தால் இலவச மருத்துவம் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் வந்தது சோதனையால் அல்ல என்று நிலைநாட்டிவிட்டால் அதுவும் நின்றுவிடும். மறைத்து வைத்த நான்கு நாள் செட் மாத்திரையைவிட வசதியான சாக்கு அவர்களுக்கு வேறு கிடைக்காது.

ஆகவே இன்றைக்கு அந்த மெடிக்கலுக்கு நீயே போ. எந்தெந்த மாத்திரை கொடுத்தார்கள் என்று பெயரும் மில்லிகிராமும் எழுதி வாங்கு. படிவத்தில் ஒரு அவசர நம்பர் இருக்கும், அதற்குப் பேசு. பல்லை அரசு ஆஸ்பத்திரியில் காட்டு, அங்கேயும் ட்ரையலில் இருப்பதைச் சொல். செட் மாத்திரையால் சொத்தைப் பல் ஆறாது, வலிதான் கொஞ்ச நாள் ஒளிந்துகொள்ளும். ராத்திரி அம்மா பீடிக் கட்டை எடுத்து வைத்ததும் பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கச் சொல். திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள். வாங்கிக்கொள். அந்த அவசர நம்பரை அவள் போனில் போட்டுக் கொடு.

இவ்வளவுக்குப் பிறகும் டாக்டர் வா என்று சொல்லி, அம்மாவும் சரி என்றால், நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறு. போனதும் முதல் வேலையாக நாமினியை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடு. உறவு: தாய். பெயர் ஆதாரில் உள்ளபடியே, இனிஷியலோடு இருக்கட்டும். பேங்க் பாஸ்புக்கில் வேறு மாதிரி எழுதியிருந்தால் கிளம்புவதற்கு முன்பே அதைச் சரிசெய்துவிடு.