நீலத்தின் விலை தெரிந்த அப்பாவுக்கு

மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்க, போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பாவுக்குச் சாயப்பட்டறை. மகளுக்கு ஐரோப்பிய ஓவிய வரலாறு படிக்க ஆசை. பெங்களூர் தாய்மாமன் கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர எதையும் காதில் வாங்கவில்லை. "படம்தானுங்களே, ஆர்க்கிடெக்சர்ல சேர்த்துடலாமுங்களா?" என்று அப்பா சமரசத்துக்கு வந்தார்.

பதறாதீர்கள் என்று ஆரம்பித்தேன். இரண்டு நிமிடத்தில் அதை விட்டுவிட்டேன். வேண்டாம் ஐயா. கட்டடம் வரைய விரும்பாத பெண்ணை ஐந்து வருடம் கட்டடம் வரைய வைக்காதீர்கள்.

அவள் படிக்க விரும்புவது உங்கள் தொழிலுக்குத் தூரமில்லை. 1485இல் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகர அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்காக கிர்லாந்தாயோ என்ற ஓவியர் ஓர் ஒப்பந்தம் போட்டார். 30 மாதத்தில் படம் வர வேண்டும், 115 ஃப்ளோரின் (அந்த ஊர்த் தங்க நாணயம்) விலை, வண்ணச் செலவு ஓவியருடையது, நீலம் அவுன்ஸ் சுமார் 4 ஃப்ளோரின் தரத்தில் இருக்க வேண்டும். படம் அந்த விலைக்குத் தேறாவிட்டால் பணத்தைக் குறைப்பார்கள். சரக்குத் தரம் குறைந்தால் பையர் கிளெய்ம் போட்டுப் பணம் பிடிப்பது போலத்தான். அந்த நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையில் வெட்டிய கல்லை அரைத்துச் செய்தது. இல்லத்தைப் பராமரித்ததோ பட்டு வணிகர் சங்கம். யார் பணம் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்று துருவுவதுதான் இந்தப் படிப்பு. இதைச் சொன்னபோது அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இதற்கு நம் ஆட்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இடம் பரோடா. மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம் 1950இல் தொடங்கியது. கலை வரலாற்றை இளநிலையிலேயே தனிப் பாடமாக எடுக்கலாம். ஓவியமும் சிற்பமும் அச்சும் செய்கிற மாணவர்கள் அதே வளாகத்தில்தான். கையில் களிமண் ஒட்டியவனோடு டீ குடித்துக்கொண்டு வாதாடிப் படிப்பது வேறு, ஸ்லைடு பார்த்துப் படிப்பது வேறு. ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன் பாடம் நடத்திய இடம் அது. அரசுப் பல்கலைக்கழகம்தான், வெளிமாநிலத்தவருக்கான கட்டணத்தையும் சேர்க்கை விதிகளையும் இந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடவே இன்றைக்கே ஜெர்மன் தொடங்கட்டும். ஜெர்மன் மொழி சொல்லித்தரும் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் ஏ1 என்ற ஆரம்ப நிலையிலிருந்து வகுப்பு உண்டு. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் மாணவர்களுக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. ஆனால் கலை வரலாறு பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான்; பல இடங்களில் லத்தீனோ இத்தாலியமோ கூடத் தெரிந்திருக்கச் சொல்வார்கள். விசாவுக்கு வங்கிக் கணக்கில் முடக்கிவைத்துக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகை 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ. அதற்கு நான்கு வருட அவகாசம் இருக்கிறது.

லண்டனுக்கு அனுப்ப நிலத்தை அடகு வைக்கலாமா என்று அம்மா கேட்டார். கூடவே கூடாது. அருங்காட்சியகம், ஏல நிறுவனம், கலைக்கூடம் என்று வேலைகள் உண்டு. பெங்களூரில் மேப் அருங்காட்சியகம், மும்பையில் சாஃப்ரன்ஆர்ட் ஏல நிறுவனம் போன்றவை இருக்கின்றன. ஆனால் இடங்கள் குறைவு, தொடக்கச் சம்பளம் ஐடி வேலைக்குப் பக்கத்தில் வராது. அந்தச் சம்பளத்தில் அடகை மீட்க முடியாது.

கிளம்பும்போது, மாமாவிடம் யார் சொல்வது என்று அம்மா கேட்டார். அது அப்பாவின் வேலை என்றேன்.