எப்ப சார் பெரிய பிளேன் ஓட்டுவீங்க?

சின்ன ஊருக்கெல்லாம் போற ஏடிஆர் 72ங்கற ப்ரொப்பெல்லர் பிளேன ஓட்டுற கேப்டன் ஒருத்தர் பதில் சொல்றாரு, கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்து குவிஞ்சதுல சிலது இங்க. கம்பெனிகிட்ட கேக்காம பத்திரிகைல பேசக்கூடாதுங்கறதால அவர் பேரு, கம்பெனி பேரு ரெண்டும் போடல. கேட்டவங்களுக்கும் ஊர் பேரோட நிறுத்திக்கிட்டோம்.

நான் தூத்துக்குடி - சென்னை அடிக்கடி போறவன். ரெக்கைல ஃபேன் சுத்துமே, அந்த சின்ன பிளேன்லதான் பல வருஷம் போயிருக்கேன். அத ஓட்டுறவங்க அதுலயே திருப்தியா இருக்காங்களா, இல்ல அது சும்மா கொஞ்ச நாளைக்கு பாக்குற வேலையா? நீங்க எப்ப சார் பெரிய பிளேன் ஓட்டுவீங்க? - கோவில்பட்டி வாசகர்

இதே கேள்விய எங்க பெரியம்மா ஒவ்வொரு கல்யாண வீட்டுலயும் கேக்கறாங்க, அதனால கோவமே வரல. சின்ன பிளேன்னு சொல்றீங்க, எழுபது சொச்சம் பேரு, கிட்டத்தட்ட 23 டன் வெயிட்டு, சரி சின்னதுதான்னே வச்சுக்குவோம்.

திருப்தியான்னு கேட்டா, காக்பிட் கதவு சாத்தினதுலருந்து திறக்கற வரைக்கும் நிறையவே இருக்கு. பெரிய ஜெட் 35,000 அடிக்குப் போயி பாதி மேகத்த கீழ விட்டுட்டுப் போயிரும், நாங்க 17,000, 18,000 அடில அதுங்களுக்கு நடுவுலதான் போயாகணும். ஐப்பசி, கார்த்திகைல சென்னைலருந்து தெக்க கிளம்பிப் பாருங்க, ரேடார்ல கடலோரம் பூரா செகப்பும் மஞ்சளுமா நிக்கும், எந்த சந்துல நுழையறது, எத்தன மைல் சுத்துறது, சுத்தினா எண்ணெய் பத்துமா, இறங்க முடியலன்னா மதுரையா திருச்சியா, எல்லாத்தையும் அங்கயே முடிவு பண்ணணும். ஏடிஆர்ல எஞ்சின் பவர தானா கூட்டிக் குறைக்கற ஆட்டோ த்ராட்டில் கிடையாது, பவர் லீவர் எப்பவும் ஒரு ஆளு கையிலதான் இருக்கும், தப்பா புடிச்சா பிளேன் உடனே சொல்லிரும். ஒரு நாளைக்கு நாலு லேண்டிங், சில நாள் அதுக்கு மேலயும். வெளிநாட்டு ரூட்டுல பெரிய பிளேன் ஓட்டுற என் பேட்ச்மேட் ஒருத்தன் மாசத்துக்கு அவன் கையால இறக்குறதே கொஞ்சம்தான்னு பொலம்புவான்.

உங்க தூத்துக்குடி ஏர்போர்ட்டு, வாகைக்குளத்தையே எடுத்துக்கங்க. ரன்வே முன்னாடி 1,350 மீட்டர்தான், தொட வேண்டிய எடத்துல தொட்டே ஆகணும், ஆடி மாசக் காத்துல மிதந்துக்கிட்டே போனீங்கன்னா மறுபடி ஏறி ஒரு சுத்து வர வேண்டியதுதான், பின்னாடி பயணிங்க முணுமுணுப்பாங்க. 2025 ஜூலைல புது டெர்மினல் திறந்தாங்க, ரன்வேயும் 3,115 மீட்டர் ஆயிருச்சு, இனி ஏர்பஸ்ஸே தாராளமா இறங்கலாம். ஊருக்கு ரொம்ப நல்லது. ஆனா எங்க பொழப்ப பாருங்க, ஆளே வராத ஊருக்கு நாங்கதான் முதல்ல போவோம், பாதி சீட்டு காலியா ஓட்டி ஓட்டி கூட்டம் சேத்து விடுவோம், கூட்டம் சேந்தப்புறம் ஜெட் வந்து ரூட்ட எடுத்துக்கும். இதுக்காக யாரும் வருத்தப்பட்டுப் பாத்ததில்ல, அடுத்த ஊரு வந்துக்கிட்டே இருக்கு. 2016ல சின்ன ஊருக்கும் பிளேன் விடறதுக்கு மத்திய அரசு உடான் திட்டம் கொண்டு வந்தாங்க, 2017 ஏப்ரல்ல சிம்லாலருந்து டெல்லிக்கு முதல் பிளேன் கிளம்புச்சு, ஒரு மணி நேரப் பயணம்னா பாதி சீட்டுக்கு 2,500 ரூபாதான் கட்டணம்னு வச்சாங்க, அதுலதான் சேலம் மாதிரி ஊருக்கெல்லாம் மறுபடி உயிர் வந்துச்சு. வந்துச்சு, 2021ல நின்னுச்சு, 2023ல திரும்ப வந்துச்சு. எங்கள மாதிரி சின்ன ஊருக்கு ஓட்டற ரீஜனல் கம்பெனின்னா இந்த ஏத்த இறக்கமும் சேத்துதான்.

பெரிய பிளேனுக்கு ஏன் போகலன்னா, போகலாம், என் கூட இருந்தவங்க பாதிப் பேரு போயாச்சு. சம்பளம் கூட, அதுல ஒளிவு மறைவு இல்ல. ஆனா இங்க கேப்டனா இருக்கறவன் அங்க போனா பல எடத்துல மறுபடி வலது பக்க சீட்டு, அதாவது கோ பைலட், சீனியாரிட்டி வரிசைல கடைசி ஆளு, எந்த ஊர்ல பேஸ் குடுக்கறாங்களோ அங்க குடித்தனம். கேப்டனுக்கு நோட்டீஸ் பீரியடே ஒரு வருஷம், கோ பைலட்டுக்கு ஆறு மாசம், விமானத்துறைய கண்காணிக்கற அரசு அமைப்பு டிஜிசிஏவோட ரூலு. என் பொண்ணு எட்டாவது படிக்கறா, எனக்கு சென்னை பேஸ். நான் நின்னதுக்கு காரணம் அம்புட்டுதான். பொண்ணு காலேஜ் போனப்புறம் இதே கேள்விய கேட்டீங்கன்னா வேற பதில் வந்தாலும் வரும்.

அதே ரூட்டு, அதே ஊரு, பஸ் ஓட்டற மாதிரி அலுக்காதா? - திருவாரூர் வாசகி

சில நாள் அலுக்கும், பொய் சொல்லல. காலைல நாலு மணிக்கு கேப் வந்து நிக்கறப்போ எந்த வேலையும் அலுக்கும்.

ஆனா யாழ்ப்பாணம் செக்டர் வந்தா நானே டியூட்டி பட்டியல், அதான் ரோஸ்டர்ல ஒரு தடவ சந்தோஷமா பாத்துக்குவேன். அங்க ஏர்போர்ட்டு பலாலில இருக்கு, அந்த ரன்வேயும் சின்னதுதான், 1,400 மீட்டர் பக்கம், அதனால ஏடிஆர் மாதிரி பிளேனுக்குத்தான் அந்த வாசல் திறந்திருக்கு. 2019 நவம்பர்ல சென்னைலருந்து போக ஆரம்பிச்சு, கொரோனால மூடி, 2022 டிசம்பர்ல திரும்ப ஆரம்பிச்சாங்க. வலது பக்கம் கோடியக்கரை தெரியும், அத தாண்டினா ஆழமில்லாத கடலு, பச்சையும் மணல் கலருமா அடித்தரையே தெரியற மாதிரி இருக்கும், அப்புறம் பனங்காடு, செம்மண் தோட்டம், இறங்கிருவோம். வர்றவங்களும் வேற மாதிரி ஆளுங்க. கனடாலருந்து சென்னை வந்து புடவை, நகை எல்லாம் எடுத்துட்டு வீட்டுக் கல்யாணத்துக்குப் போறவங்க, முப்பது வருஷத்துக்கப்புறம் சொந்த ஊர பாக்கப் போற தாத்தா. இறங்கறப்போ சில பேரு படிக்கட்டுல அப்படியே நின்னுருவாங்க, கிரவுண்ட் ஸ்டாஃபும் அவசரப்படுத்த மாட்டாங்க. அந்த அஞ்சு நிமிஷ லேட்டுக்கு நான் யாருக்கும் விளக்கம் எழுதத் தயார்.

பையனுக்கு பைலட் ஆகணும்னு ஆசை. வீட்ட அடமானம் வச்சு படிக்க வைக்கலாம்னு இருக்கேன். ரீஜனல்ல சேந்தா கடன அடைச்சிரலாமா? - நாமக்கல், ஒரு அப்பா

அண்ணே, வீட்டப் பத்தி பேசறதால கொஞ்சம் விவரமா சொல்றேன், கோச்சுக்காதீங்க.

சிபிஎல்னு சொல்ற கமர்ஷியல் லைசென்சுக்கு 200 மணி நேரம் பறந்திருக்கணும், 18 வயசு ஆகணும், பிளஸ் டூல ஃபிசிக்ஸ், மேத்ஸ் வேணும். ஃப்ளையிங் ஸ்கூல் விளம்பரத்துல இதுக்கான ஃபீஸ மட்டும்தான் போடுவாங்க. அதுக்கு மேல டைப் ரேட்டிங்னு ஒண்ணு இருக்கு, அதாவது ஏடிஆரோ ஏர்பஸ்ஸோ குறிப்பிட்ட அந்த பிளேனுக்கான ட்ரெயினிங், அதுக்கு தனியா பல லட்சம். ஹாஸ்டல், எக்ஸாம், மெடிக்கல், மழைல ஃப்ளையிங் நடக்காம மாசக்கணக்குல உக்காந்திருக்கற செலவு எல்லாம் சேத்தா ஒரு கோடி பக்கம் போய் நிக்கற குடும்பத்த நான் பாத்திருக்கேன். லைசென்ஸ் கைக்கு வந்த அன்னைக்கே வேலை வராது, ஒரு வருஷம் ரெண்டு வருஷம் வீட்டுல உக்காந்திருக்கற பசங்க இருக்காங்க, அந்த நேரத்துலயும் மெடிக்கல், ரேட்டிங் எல்லாம் செலவு பண்ணி உயிரோட வச்சிருக்கணும், வட்டியும் ஓடிக்கிட்டே இருக்கும்.

சேந்தப்புறம் கோ பைலட் சம்பளம் நல்ல சம்பளம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா சம்பளத்துல ஒரு பெரிய பங்கு பறக்கற மணிக்கணக்குல வர்றது. எங்க செக்டர் ஒவ்வொண்ணும் முக்கா மணி, ஒரு மணி, நாள் பூரா டியூட்டி பாத்தாலும் கணக்குல ஏறறது கம்மிதான், பறந்த மணிய எழுதற லாக் புக்ல ஏறாதது எல்லாம் இடுப்புல ஏறும். கேப்டனுக்கு வேண்டிய லைசென்ஸ், ஏடிபிஎல், அத வாங்க 1,500 மணி வேணும், அதுக்கப்புறம்தான் கேப்டன் கனவு, அங்கயும் நீண்ட தூரம் போற ஜெட் பசங்களுக்கு மணி சீக்கிரம் சேந்துரும்.

அதனால இருக்கற ஒரே வீட்ட வைக்காதீங்கன்னுதான் சொல்லுவேன். அமேதி பக்கம் ஃபர்சத்கஞ்ச்ல இருக்கற மத்திய அரசு அகாடமி, இக்ருவா, அதுக்கு நுழைவுத் தேர்வு எழுதட்டும், கிடைச்சா தைரியமா விடுங்க. கிடைக்கலன்னா ஒரு டிகிரி முடிச்சிட்டு வரட்டும், இந்த வேலைக்கு 65 வயசு வரைக்கும் டைம் இருக்கு, 18லயே ஓட வேண்டிய அவசியம் இல்ல.

எனக்கு நிச்சயம் பண்ணியிருக்கற மாப்பிள்ளை ஏடிஆர் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதான் கோ பைலட். வீட்டுல எல்லாருக்கும் பெருமை. எனக்குத்தான் கொஞ்சம் பயம். எப்படி இருக்கும் வாழ்க்கை? - தஞ்சாவூர், பேர் வேணாம்

வாழ்த்துக்கள்மா. நல்ல சேதி முதல்ல, வெளிநாடு போற பைலட் மாதிரி வாரக்கணக்குல காணாம போக மாட்டாரு, நிறைய நாள் ராத்திரி வீட்டு சோறுதான். ஆனா அந்த ராத்திரி எத்தன மணிக்குங்கறது ரோஸ்டர் கையில. தீபாவளி, பொங்கல்னா மத்தவங்கள ஊருக்கு கொண்டு போய் விடறதே எங்க வேலை, அதனால அன்னைக்கு லீவு எதிர்பாக்காதீங்க, கிடைச்சா அதிர்ஷ்டம். கூப்பிட்டா உடனே ஓடணும்ங்கற ஸ்டாண்ட்பை அன்னைக்கு சினிமா டிக்கெட் போடாதீங்க. வாரத்துல ஒரு தடவ தொடர்ச்சியா 36 மணி நேரம் ஓய்வுன்னு இருந்தத டிஜிசிஏ 48 மணி ஆக்கியிருக்கு, அது வீட்டுக்காரங்களுக்கும் பெரிய விஷயம், அந்த ரெண்டு நாள மட்டும் உறவுக்காரங்க விருந்துக்கு தூக்கிக் குடுத்துராதீங்க, தூங்க விடுங்க.

இன்னொண்ணு, மாமியார் வீட்டு சமாச்சாரம். டியூட்டிக்கு முன்னாடி ஊதிக் காட்டணும், பிரெத் அனலைசர், பறக்கறதுக்கு 12 மணி நேரத்துக்குள்ள சாராயச் சத்துள்ள எதுவும் ஆகாது. குடிக்கறவங்களுக்கு மட்டும் இல்ல இது. வாய் கொப்பளிக்கற மவுத்வாஷ்ல கூட ஆல்கஹால் இருக்கும், நம்ம அரிஷ்டம் இருக்கே, தசமூலாரிஷ்டம், அதுலயும் புளிச்சு வந்த ஆல்கஹால் இருக்கு. மெஷின்ல உறுதியா காட்டிருச்சுன்னா முதல் தடவையே மூணு மாசம் லைசென்ஸ் சஸ்பெண்ட். மாப்பிள்ளைக்கு சளி புடிச்சிருக்கேன்னு உங்க அம்மா பாசத்துல ஒரு மூடி ஊத்திக் குடுத்துராம பாத்துக்கங்க.

பயம் எதுக்கு இருக்கணும்னு கேட்டா மெடிக்கலுக்கு. வருஷா வருஷம், வயசு ஏறினா இன்னும் அடிக்கடி. பிபி, சுகர், காது, முதுகு, எது தகராறு பண்ணாலும் வேலையே நின்னுரும், எங்க ஆளுங்க உடம்புக்கு முடியலன்னா வெளிய சொல்லாம மறைக்கறதுக்கு இதுதான் காரணம். லைசென்ஸ் போனா பணம் வர்ற இன்சூரன்ஸ் தனியா இருக்கு, அத போட்டிருக்காரான்னு இப்பவே கேளுங்க. நகை எத்தன பவுன்னு பேசறப்போ இதையும் சேத்து பேசலாம், தப்பில்ல.

நேபாளத்துல போக்ராவுல விழுந்தது ஏடிஆர்தானே? அதுக்கப்புறம் ஏறவே பயமா இருக்கு. - மதுரை வாசகர்

ஆமா. 2023 ஜனவரி 15, யேட்டி ஏர்லைன்ஸ், 72 பேரு. விசாரணை அறிக்கை சொன்னது என்னன்னா, இறங்கப் போற நேரத்துல ரெக்கையோட பின் மடிப்ப நீட்டற ஃப்ளாப் லீவர நகத்தறதுக்கு பதிலா பக்கத்துல இருக்கற ரெண்டு கண்டிஷன் லீவரையும் ஃபெதருக்கு இழுத்துட்டாங்க. அப்படி பண்ணா ப்ரொப்பெல்லர் இதழ் காத்தோட வாக்குலயே திரும்பிக்கும், எஞ்சின் ஓடும், இழுவை இருக்காது. பிளேன்ல கோளாறு கிடையாது. அதுக்காக பைலட்ட திட்டிட்டு முடிச்சிரவும் முடியாது, புது ஏர்போர்ட்டு, குறுகலான சுத்து, வேலை நெருக்கடி எல்லாத்தையும் அந்த அறிக்கை பேசுது. எங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவ சிமுலேட்டர் செக் இருக்கு. லீவர்ல கை வச்சதும் பேர சொல்லணும், பக்கத்து ஆளு பாத்து சரின்னு சொன்னப்புறம் நகத்தணும். கேக்க சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரிதான் இருக்கும்.

நிக்கறப்போ வாலுக்கு அடில ஒரு கம்பு முட்டுக் குடுத்திருக்காங்களே, ஏன்? - சேலம், ஆறாம் வகுப்பு மாணவன்

சூப்பர் தம்பி, பெரியவங்க யாரும் கேக்கல இத. ஏடிஆர்ல ஏறற கதவு பின்னாடி, பெரிய லக்கேஜ் அறை முன்னாடி. எல்லாரும் பின்பக்கம் கூட்டமா நின்னு, முன்னாடி பெட்டி எல்லாம் இறக்கிட்டா வாலு கனம் தாங்காம உக்காந்துரும், மூக்கு மேல தூக்கிரும். அதுக்குத்தான் அந்த முட்டு. கூட்டம் கம்மியா இருக்கறப்போ ஏர் ஹோஸ்டஸ் அக்கா வந்து சீட்டு மாறி உக்காரச் சொல்றதும் இதே வெயிட்டு கணக்குக்குத்தான்.

நான் டாலஸ்ல இருக்கேன். இங்க ரீஜனல் பைலட்னா ஒரு காலத்துல பாவப்பட்ட ஜென்மம்னு சொல்லுவாங்க. இப்ப எப்படி? பையன் கேக்கறான். - ஒரு அம்மா

அங்கதான் கதை தலைகீழா மாறிருச்சு. 2009 பிப்ரவரில பஃபலோ பக்கத்துல கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேரு போனாங்க. அந்த கோ பைலட் பொண்ணு சியாட்டில்லருந்து ராத்திரியெல்லாம் வேற பிளேன்ல உக்காந்து வந்து டியூட்டி ஏறியிருக்கு, அவங்களுக்கு எவ்வளவு குறைச்ச சம்பளம்னு விசாரணைல வெளிய வந்தப்ப நாடே அதிர்ந்துச்சு. அதுக்கப்புறம் 2013லருந்து கோ பைலட்டுக்கே 1,500 மணி வேணும்னு ஆக்கினாங்க, ஏவியேஷன் டிகிரி படிச்சா 1,000. ஆளு கிடைக்கல, சம்பளம் ஏறுச்சு, 2022ல அமெரிக்கன் ஏர்லைன்ஸோட சொந்த ரீஜனல் கம்பெனிகள்லயே முதல் வருஷ கோ பைலட்டுக்கு மணிக்கு 90 டாலர் வந்துருச்சு. ஆனா அந்த 1,500 மணிய சேக்க பையன் ரெண்டு வருஷம் இன்ஸ்ட்ரக்டரா செஸ்னாங்கற குட்டி ட்ரெயினிங் பிளேன்ல வேகணும், அதுக்கப்புறமும் பேஸ் ஒரு ஊரு வீடு ஒரு ஊருன்னு ஓடற பழக்கம் அங்க இன்னும் போகல. டாலஸ்லயே பேஸ் கிடைச்சா அதிர்ஷ்டசாலி.

பிளஸ் ஒன் படிக்கறேன், பொண்ணு. கண்ணாடி போட்டிருக்கேன். பைலட் ஆக முடியாதுன்னு டியூஷன் சார் சொல்றாரு. - விருதுநகர்

சாருக்கு ஏர் ஃபோர்ஸ் ரூலும் இதுவும் கலந்துருச்சு போல. கண்ணாடியோட 6/6 தெரிஞ்சா சிவில்ல பிரச்சனை இல்ல, என் கூட பறக்கறவங்கள்ல பாதிப் பேரு கண்ணாடிதான். கலர் பார்க்கறதுல குறை இருந்தாத்தான் சிக்கல். பொண்ணான்னு தயங்காத, உலகத்துலயே பெண் பைலட் விகிதம் ரொம்ப அதிகமா இருக்கற நாடுகள்ல நம்ம நாடும் ஒண்ணு. ப்ளஸ் டூ முடிஞ்சதும் முதல்ல கிளாஸ் 2 மெடிக்கல், அப்புறம் கிளாஸ் 1, பெங்களூர் விமானப்படை மருத்துவ மையத்துலயும் எடுக்கலாம். ரெண்டும் கைக்கு வந்தப்புறம் அப்பாவ ஃப்ளையிங் ஸ்கூல் பக்கம் கூட்டிட்டுப் போ, அதுக்கு முன்னாடி யாரு கேட்டாலும் ஒரு ரூபா அட்வான்ஸ் குடுக்காதீங்க.