வெனிஸ் கால்வாய், 'ரிகோ' கையெழுத்து: வாங்கலாமா?

கேள்வி: பாரிஸில் நடக்கவிருக்கும் ஏலத்தில் 24 × 35 செ.மீ. அளவில் ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் வருகிறது. மரப்பலகையில் வரைந்த வெனிஸ் கால்வாய்க் காட்சி, மூலையில் 'ரிகோ' என்ற கையெழுத்து. பட்டியலில் 'அத்ரிபுவே ஆ மார்ட்டின் ரிகோ' (மார்ட்டின் ரிகோ வரைந்ததாகக் கருதப்படுவது) என்று போட்டிருக்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: கையெழுத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது பட்டியலில் உள்ள சொல். பிரான்சில் 1981 மார்ச் 3 ஆணைப்படி, ஓவியரின் பெயரும் அதையடுத்துத் தலைப்பும் மட்டும் இருந்தால், அவரே வரைந்தது என்று உறுதி கொடுத்ததாகப் பொருள். 'அத்ரிபுவே ஆ' என்று முன்னால் சேர்த்தால், 'அவர் காலத்தில் வரைந்தது, அவராக இருக்க வலுவான முகாந்திரம் உண்டு' என்பதோடு உறுதி முடிந்துவிடும். ஆகவே அசல் ரிகோவுக்கான விலையை இதற்குக் கொடுக்காதீர்கள்.

1833இல் பிறந்த ஸ்பானிய ஓவியர் ரிகோ, 1862இல் அரசு உதவித்தொகையில் பாரிஸ் போனார். 1870களிலிருந்து வெனிஸே அவர் களம். 1908இல் அங்கேயே இறந்தார். அவருடைய வெனிஸ் காட்சிகள் நன்றாக விற்றதால் அதே கால்வாய்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்தோனியோ ரெய்னா, ரஃபேல் செனெட் என்ற வேறு இரு ஸ்பானியர்களும் வெனிஸை வரைந்தவர்கள்தாம். பாணியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. விலை குறைந்த பெயரைச் சுரண்டிவிட்டு விலை கூடிய பெயரை எழுதுவது பழைய மோசடி.

பிரேமிலிருந்து கழற்றிப் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பும்படி ஏல நிறுவனத்திடம் கேளுங்கள். ஓவியம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் நிலை அறிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள். வண்ணக் கடையின் முத்திரை இருந்தால், அந்தக் கடை அந்த முகவரியில் எந்த ஆண்டுகளில் இருந்தது என்று ஒப்பிடலாம். பாரிஸின் கூப்பில் என்ற ஓவிய வணிக நிறுவனம் ரிகோவின் ஓவியங்களை விற்றது. 1846 முதல் 1919 வரையான அதன் 15 சரக்குப் பேரேடுகள் லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி ஆய்வு நிறுவனத்தில் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பலகையில் கூப்பிலின் சரக்கு எண் கிடைத்தால், பேரேட்டில் உள்ள பெயர், தலைப்பு எல்லாம் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். சீட்டு பிரேமில் மட்டும் ஒட்டியிருந்தால் அது பிரேமுக்குத்தான் சாட்சி. பிரேம்கள் கைமாறிக்கொண்டே இருக்கும்.

நேரில் போகும்போது 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கும் 10 மடங்கு லென்ஸும் எடுத்துச் செல்லுங்கள். பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பின்னாளில் பூசிய வண்ணம் அதன்மேல் கருந்திட்டாகத் தெரியும். கையெழுத்தே அப்படிக் கருமையாக மிதந்தால் விட்டுவிடுங்கள். லென்ஸில், கையெழுத்தின் வண்ணம் வெடிப்புகளுக்குள் வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். வழிந்திருந்தால், ஓவியம் வெடித்த பிறகு எழுதியது அது.

கேள்வி: வாங்கிய பிறகு போலி என்று தெரிந்தால்?

பதில்: ஏல நிறுவனத்தின் மீது வழக்குப் போட ஏலம் முடிந்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் உண்டு. ஆனால் 'அத்ரிபுவே' என்று வாங்கியவர் சந்தேகத்தையும் சேர்த்தே வாங்குகிறார். விற்றவருக்கும் அதே கதிதான்: 1933இல் பிரெஞ்சு ஓவியர் ஃப்ராகொனாருடையதாக இருக்கலாம் என்று விற்ற 'தாழ்ப்பாள்' ஓவியம் பின்னர் அசல் என்று தெரிந்தது. விற்றவரின் வாரிசுகள் வழக்குத் தொடுத்தார்கள். 1987இல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. காட்சிக்கூடத்தின் இணையதளத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பொது ஏலத்தில் அது கிடையாது. ஏலத் தொகைமேல் கமிஷனும் வரும்: 25 சதவீதம் என்றால் 10,000 யூரோவுக்கு எடுத்தது 12,500 ஆகும்.

கேள்வி: வார்னிஷ் மஞ்சளாக இருக்கிறது. வீட்டிலேயே துடைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. உருளைக்கிழங்கால் துடை, ரொட்டியால் துடை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வெடிப்பில் ஈரம் இறங்கினால் வண்ணம் பலகையிலிருந்து உரிந்துவிடும். ஓவியப் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுத்து, மூலையில் சிறு சோதனை செய்யச் சொல்லி, அதைப் பார்த்த பிறகு மேற்கொண்டு செய்ய ஒப்புக்கொள்ளுங்கள். அதுவரை ஹீட்டர் இல்லாத சுவரில், 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் மாட்டுங்கள். பிரேமுக்குள் பலகையை ஆணியால் இறுக்காதீர்கள். பருவத்துக்குப் பருவம் மரம் விரிந்து சுருங்கும். அசைய இடமில்லாவிட்டால் இழையோட்டத்திலேயே பிளந்துவிடும்.