ரத்தும் காலாவதியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒரு சட்டத்தை ரத்து செய்ய மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டுமா?

பதில்: எந்தச் சட்டம் என்று எழுத மாட்டீர்களா? சாதாரணச் சட்டமென்றால், அவைக்கு வந்து ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிக்கு மேல் போதும். அரசியல் சாசனத்தில் கை வைப்பதென்றால்தான் அந்த மூன்றில் இரண்டு பங்குக் கணக்கு; திருத்தும் முறையைச் சொல்லும் 368வது பிரிவைப் பாருங்கள்.

கேள்வி: 2021இல் வேளாண் சட்டங்களை ரத்து செய்தபோது எங்கள் எம்.பி. எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்?

பதில்: பதிவே கிடையாது. குரல் வாக்கெடுப்பு, அதாவது 'ஆம்', 'இல்லை' என்று குரல் கொடுப்பதுதான். விவாதமும் இல்லாமல் நவம்பர் 29 ஒரே நாளில் இரண்டு அவையிலும் முடித்துவிட்டார்கள்.

கேள்வி: ரத்தான சட்டத்தில் போட்ட வழக்கு தானாகப் போய்விடும்தானே?

பதில்: போகாது. ரத்து மசோதாவே வேறு மாதிரி சொன்னாலொழிய, எல்லாச் சட்டங்களுக்கும் பொதுவிதி சொல்லும் ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 6வது பிரிவு வழக்கை உயிரோடு வைத்திருக்கும். நூறு முறை சொல்லிவிட்டேன்: செய்தித் தலைப்பை விடுங்கள், மசோதாவைப் படியுங்கள்.

கேள்வி: ஆங்கிலோ இந்தியருக்கான 331வது பிரிவு அரசியல் சாசனப் புத்தகத்தில் இருக்கிறது, மக்களவையில் ஆள் இல்லை. எப்போது ரத்து செய்தார்கள்?

பதில்: ரத்தே செய்யவில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். இரண்டு பேர் வரை நியமிக்கலாம் என்கிறது 331. ஆனால் கெடு இருப்பது 334இல். ஆரம்பத்தில் பத்து ஆண்டு. அப்புறம் பத்துப் பத்தாக நீட்டிக்கொண்டே வந்தார்கள். 2019 டிசம்பரில் 104வது திருத்தம் வந்தது. பட்டியல் சாதி, பழங்குடியினர் தனித்தொகுதிகளுக்கு 2030 வரை நீட்டிப்பு. ஆங்கிலோ இந்தியருக்கு மட்டும் நீட்டிப்பு இல்லை; 2020 ஜனவரியோடு முடிந்தது. தமிழகச் சட்டமன்றத்தில் இருந்த ஒரு நியமன இடமும் அதோடு போயிற்று. இரண்டும் ஒரே மசோதாவில்; தனித்தொகுதி வேண்டுமென்றால் இதற்கும் சேர்த்துக் கை தூக்க வேண்டும். மக்களவையில் ஆதரவு 350க்கு மேல், எதிர்ப்பு பூஜ்யம்!

அரசு சொன்ன காரணம், 2011 கணக்கெடுப்புப்படி நாடு முழுக்க அவர்கள் 296 பேர்தானாம். ஆங்கிலோ இந்தியர் நிறைய இருந்த பெரம்பூர் ரயில்வே காலனிப் பக்கம் வளர்ந்தவன் நான். அந்த எண்ணைக் கேட்டதும் சிரிப்புத்தான் வந்தது. சரி, 296 என்றே வைத்துக்கொள்வோம். எந்தத் தொகுதியிலும் ஜெயிக்க ஆள் போதாது என்பதால்தானே நியமனமே கொடுத்தார்கள்? குறைந்துவிட்டார்கள் என்று அதையே பிடுங்குவது என்ன கணக்கு?

கேள்வி: பெரும்பான்மை பலம் இருந்தால் சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களுக்கான 30வது பிரிவையே நீக்கிவிடலாமா?

பதில்: ஓட்டு மட்டும் போதாது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகளில் 7 பேர், சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது அதன் ஆதாரமான அம்சங்களை, திருத்தம் தொடக் கூடாது என்றார்கள். 30வது பிரிவு அதில் சேருமா என்பதை, அப்படியொரு திருத்தம் வந்தால் நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். வந்தால் மசோதாவை முழுசாகப் படியுங்கள், கெடு தேதி போட்ட வரியையும் சேர்த்து.